கம்மந்தான் கான்சாகிபு

சேனை இராஜ்யத்துக்கு ஊழியம் செய்வதா, இராஜ்யம் சேனைக்கு ஊழியம் செய்வதா என்னும் கேள்வி ஒவ்வொரு தேசத்திலும் ஒரு காலத்தில் எழுந்தே தீருகிறது. சில தேசத்தார் அதற்குச் சட்டத்தில் விடை எழுதி வைத்தனர். வேறு சில தேசத்தாருக்குத் துப்பாக்கியே விடையாயிற்று. நமது தென்பாண்டிச் சீமையில் அக்கேள்வி 260 ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்தது. அப்போது அது ஒரு தனி மனிதரின் வாழ்க்கையாகவே வடிவெடுத்து நின்றது. மருதநாயகம் பிள்ளையாகப் பிறந்து, முகம்மது யூசுப்கானாகிக் கும்பினிப் பட்டாளத்தின் கம்மந்தானாய் உயர்ந்து, மதுரை திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டு, 1764-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி தூக்கிலிடப்பட்ட கான்சாகிபே அம்மனிதர்.

அவரைப் பற்றி நம் தேசத் தொண்டர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. வெள்ளையரை எதிர்த்து மாண்ட முன்னோடிகளின் வரிசையில் அவரை முதல் இடத்தில் வைக்க வேண்டுமென்பர் ஒரு சாரார். பூலித்தேவரின் கோட்டைகளைத் தகர்த்த கும்பினிக் கூலியாளுக்கு அவ்வரிசையில் இடமே கிடையாதென்பர் மற்றொரு சாரார். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர், சிவகிரி ஆகிய ஊர்களில் இவ்வாதம் எழும்போது அது வெறும் ஏட்டு வாதமாக இருப்பதில்லை. கம்மந்தானின் பீரங்கி வண்டிகள் உருண்ட பூமியல்லவா அது? இரு சாராரும் அவர் வாழ்க்கையில் பாதியை மட்டுமே எடுத்துப் பேசுகின்றனர் என்பது நமது எண்ணம். ஆதலின் முழுவதையும் இங்கே சொல்லப் புகுகின்றோம்.

மதுரை நாயக்கர் ஆட்சி 1736-ஐ ஒட்டிச் சந்தாசாகிபின் வஞ்சனையால் அஸ்தமித்தது. அதற்குப் பின் ஒரு தலைமுறைக் காலம் தென்சீமைக்கு உறுதியான அரசு என்பதே இல்லை. ஆற்காட்டு நவாபு தம்மை அதிபதியென்று சொல்லிக்கொண்டார். ஆனால் அவரது கட்டளை அவருடைய குதிரைப்படை நின்ற இடம் வரையிற்றான் சென்றது. மேற்கு மலையடிவாரத்தில் கொல்லங்கொண்டான், சேத்தூர், சிவகிரி, நெற்கட்டுஞ்செவல் முதலிய மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசற் காட்டில் எட்டையபுரம், பாஞ்சாலங்குறிச்சி முதலிய நாயக்கர் பாளையங்கள். படை வந்தால் கப்பம் கட்டுவதும், படை திரும்பினால் அதை மறந்து விடுவதும் பாளையக்காரர் வழக்கம். அதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். நீதி, நீர்ப்பாசனம், காவல் ஆகிய மூன்றில் எதையும் நவாபு அவர்களுக்கு அளிக்கவில்லை. ஒன்றும் அளியாதவன் வந்து கேட்கும் பணத்துக்கு வரி என்று எப்படிப் பெயரிடுவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் அந்நாளில் இந்நாட்டுக்கு ஒரு வாயிலாக இருந்தது. மதுரைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 46 மைல் தூரத்தில், மலையடிவாரத்தில் அமைந்த கோட்டை அது. அங்கிருந்து தெற்கே 7 மைல் சென்றால் இராஜபாளையம். அதற்கும் அப்பால் சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று பாளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை எவன் கையிலோ, அவன் மேற்குப் பாளையங்களின் கழுத்தில் கை வைத்தவன் ஆவான். ஆண்டாளின் கோபுரத்தைத் தூரத்தில் கண்ட சிப்பாய்கள் இனித் தெற்கே சண்டைதான் என்று அறிந்திருப்பர்.

மருதநாயகம் 1725-ஐ ஒட்டி இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் வேளாளர் குடியில் பிறந்தவரென்பது பெருவழக்கு. (பூலித்தேவரின் கோட்டைகளுள் ஒன்றுக்கும் பனையூர் என்றே பெயர், அது வேறு ஊர்.) இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிப் புதுச்சேரி சென்றார், அங்கு ஐரோப்பியர் வீடுகளில் ஊழியம் செய்தார், இஸ்லாம் மதத்தைத் தழுவினார், பல இடங்களில் படைவீரராக இருந்தார். இக்காலத்தைப் பற்றி உலவும் கதைகள் பல, உறுதியானவை சில. அவர் பல பாஷைகளைக் கற்றதும், ஐரோப்பியர் போர் செய்யும் முறையை நெருங்கியிருந்து கவனித்ததும் நிச்சயம். 1752-ஐ ஒட்டிக் கிளைவின் காலத்தில் தம்முடன் ஒரு சிறு படையையும் அழைத்துக்கொண்டு ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார்.

திருச்சிராப்பள்ளி முற்றுகைதான் அவரை உலகறியச் செய்தது. பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் சூழ்ந்திருந்த அக்கோட்டைக்கு அரிசியும் மருந்தும் வந்து சேர வேண்டும். சத்துரு வளைத்திருந்த வழிகளினூடே அவ்வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை யூசுப்கானிடம் விடப்பட்டது. மேஜர் லாரன்ஸ் அவரிடம் கொண்ட நம்பிக்கைக்கு எல்லையில்லை. 1754-ல் கும்பினியின் சிப்பாய்ப் படைகள் அனைத்துக்கும் அவரே கம்மந்தான் ஆனார். பின்னர்த் தங்கப் பதக்கமும் பெற்றார். இந்தியன் ஒருவனுக்குக் கும்பினியார் அத்தகைய பதவி கொடுத்தது அதுவரை கேட்டறியாத செய்தி.

அம்முற்றுகையின்போது நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நேயர்கள் மறக்கலாகாது. லாரன்ஸிடம் துபாஷியாக இருந்த பொன்னியப்பன் என்பவன், யூசுப்கான் மைசூர்த் தளவாயோடு இரகசியம் பேசுவதாகக் காட்டும் பொய்க் கடிதம் ஒன்றை உண்டாக்கினான். உண்மையில் சத்துருவோடு உறவு வைத்திருந்தவன் அவனே. விசாரணையில் இது வெளிப்படவே, அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். யூசுப்கான் தப்பினார். ஆயினும் ஒரு பாடம் அங்கே இருந்தது. தளபதிகள் சமாதானமும் பேசி, தூதும் அனுப்பி, உடன்படிக்கையும் எழுதும் இடத்தில் இடை நின்று மொழிபெயர்ப்பவன் கையில் எல்லாருடைய உயிரும் இருக்கிறது. பத்து வருஷங்களுக்குப் பின் யூசுப்கானின் உயிரும் அருகிருந்தவர் கைகளிலேயே சிக்கிற்று.

1755-ல் கர்னல் ஹெரான் என்பவர் நவாபின் தமையன் மாபூஸ்கானோடு தென்சீமைக்குப் புறப்பட்டார். யூசுப்கானும் உடன் சென்றார். கப்பம் வசூலிப்பதே அப்படையெடுப்பின் நோக்கம். ஆனால் ஹெரான் சேனாதிபதி வேலையோடு நிற்கவில்லை. கீழ்க்கடலோரத்தில் இரண்டு இடங்களைக் கும்பினிக்குத் தருவதாகச் சேதுபதி சொன்னதும், மேலிடத்தைக் கேளாமலே அவரோடு நேசம் செய்துகொண்டார். தஞ்சாவூர் மன்னரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் அதனால் மனம் கசந்தனர். கும்பினியின் பழைய நண்பர்கள் இருவரை ஒரு பட்டாளத்துக்காரர் ஒரே நாளில் பகைவராக்கப் பார்த்தார்! பிறகு மதுரை திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு மாபூஸ்கானிடம் விட்டார். நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவர் ஒரு காசும் கொடாமல் அவரைத் திருப்பியனுப்பினார். திருமோகூரை அடுத்த கோவில்குடிக் கோயிலில் சிப்பாய்கள் விக்கிரகங்களைக் கொள்ளையிட, நத்தம் கணவாயில் கள்ளர் வழிமறித்துத் தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டனர். ஹெரான் இராணுவ விசாரணைக்குட்பட்டு வேலையை இழந்தார். இவ்வளவையும் அருகிலிருந்து பார்த்த யூசுப்கான் என்ன கற்றுக்கொண்டார்? சேனாதிபதியானவன் நாட்டைக் குத்தகைக்கு விடலாம், மன்னரோடு உடன்படிக்கை செய்யலாம், அகப்பட்டுக்கொள்ளாத வரையில் ஒருவரும் கேட்கமாட்டார் என்பதையன்றி வேறென்ன கற்றிருக்கக்கூடும்?

மாபூஸ்கானால் குத்தகைப் பணத்தைக் கட்ட முடியவில்லை. 1756-ல் கும்பினியார் யூசுப்கானையே தென்சீமைக்கு அனுப்பினர். அவ்வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை அவர் வசமாயிற்று. மாபூஸ்கானோ தம்பிக்கு விரோதமாகத் திரும்பி, முடிவில் பூலித்தேவரிடமே அடைக்கலம் புகுந்தார். மதுரைக் கோட்டை அவருடைய ஆட்களின் கையில் இருந்தது. அதைப் பீரங்கியால் பிடிக்க இயலாத காப்டன் கால்லியோ 1757-ல் சுமார் 1,70,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். விலைக்கு வாங்கிய வெற்றியைக் கும்பினிச் சரித்திரக்காரர் அதிகமாகப் பேசுவதில்லை.

1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப்கான் வடக்கே அழைக்கப்பட்டார். செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடையே பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை ஓயாமல் தாக்கி அவர்களை வருத்தினார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டு நீங்கினார். அப்போது யூசுப்கானின் கீர்த்தி உச்சியில் இருந்தது. அவர் விரும்பியதைக் கொடுக்கக் கும்பினியார் சித்தமாயிருந்தனர். அவர் விரும்பியது மதுரை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை திருநெல்வேலிச் சீமைகள் அவரிடம் விடப்பட்டன.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவராதலின் இக்குத்தகையைச் சற்று நின்று பார்க்க விரும்புகின்றோம். சாதாரணக் குத்தகைதாரன் தவணை தவறினால் எஜமானன் கோர்ட்டுக்குப் போகலாம். குடிகளை அவன் அடித்தால் குடிகளும் கோர்ட்டுக்குப் போகலாம். இங்கோ குத்தகைதாரரே சேனாதிபதி, அவரே நீதிபதி, அவரே தண்டல்காரர். கள்ளர் நாட்டில் அவர் நடத்திய தண்டனைகள் மிகக் கொடியவை. கேள்வி கேட்க ஒருவருமில்லை. அவருக்குச் சிப்பாய்களைக் கொடுத்தவர் கும்பினியார். சீமையின் உடைமையாளர் என்று சாஸனத்தில் இருந்தவர் நவாபு. பணத்தை உண்மையில் கொடுத்தவன் வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏர் பிடித்த உழவன். முதலிருவரும் அவரைத் தமது ஆள் என்றனர். மூன்றாமவனை எவரும் ஒரு பேச்சும் கேட்கவில்லை.

அயல்நாட்டு விவகாரங்களையும் அவரே நடத்தினார். மேற்குப் பாளையக்காரரை அடக்கத் தம்மிடம் ஆள்பலம் போதாதென்று கண்டு, 1759-ல் திருவிதாங்கூர் மன்னரோடு உடன்பாடு செய்துகொண்டார். அம்மன்னர் படை அனுப்ப வேண்டும். அதற்குப் பதிலாகக் களக்காட்டுப் பகுதியை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. நவாபு கொதித்தார். அவருடையதென்று சொல்லப்பட்ட நிலத்தை அவரைக் கேளாமலே ஒரு படைத்தலைவர் அயல் அரசருக்குக் கொடுத்துவிட்டாரல்லவா? சென்னைக் கவுன்ஸிலார் கண்டும் காணாதவராய் இருந்தனர். காரியம் ஆகிறது, பணம் வருகிறது என்பது அவர்கள் கணக்கு.

திருவிதாங்கூர்ப் படை கணவாய் கடந்து வந்து சேர்ந்தது. வடகரை வீழ்ந்தது. அவ்வருஷ முடிவில் இருவரும் வாசுதேவநல்லூர்க் கோட்டையைச் சூழ்ந்தனர். மண்ணால் எழுப்பிய கோட்டைதான். ஆனால் காட்டையும் மலையையும் துணையாகக் கொண்ட கோட்டை. பெரிய பீரங்கி இல்லாமலும் மருந்து தீர்ந்தும் யூசுப்கான் அங்குத் தோற்றுத் திரும்பினார். கோட்டைக்குள் இருந்த மறவர் சுவரின் பிளவில் நின்று போர் செய்தனர். பூலித்தேவர் வெளியிலிருந்து வந்து முதுகில் தாக்கினார். அக்காலத்துப் பாளையக்காரர் தங்கள் வேட்டை நாய்களைக் கும்பினிக் குதிரைகள் மேல் ஏவிப் போர் செய்தார்கள் என்று இராஜபாளையத்தார் பெருமையோடு சொல்வதுண்டு. அந்நாய்களின் இனம் இன்றும் அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது.

1760-ல் கொழும்பிலிருந்து டச்சுக்காரர் தூத்துக்குடியில் படை இறக்கி ஆழ்வார்திருநகரி வரை வந்தனர். யூசுப்கான் நெருங்கியதும் திரும்பிவிட்டனர். மைசூர்ப் படை திண்டுக்கல் பக்கமாக உள்ளே நுழைந்தபோதும் அவரே எதிர்த்து நின்றார். பின்பு 1761-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவரிடம் வீழ்ந்தன. நவாபுக்கும் கும்பினிக்கும் ஆறு வருஷம் தலைவணங்காதிருந்த பூலித்தேவரின் பலம் அன்று முறிந்தது. முறித்தவர் தமிழர், அவர் கொண்டு சென்ற சிப்பாய்களும் இந்நாட்டார். இதைச் சொல்ல நமக்கு நாவெழவில்லையாயினும் சொல்லாதிருப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

இனி அவருடைய நிர்வாகத்தைப் பார்ப்போம். பகைவர்களும் அதைப் புகழ்ந்தே எழுதியுள்ளனர். ஏரிகளையும் கால்வாய்களையும் பழுது பார்த்தார், கோட்டைகளைச் செப்பனிட்டார், நெசவாளருக்கு ஆதரவளித்தார், திருடர் பயத்தை ஒழித்து வழிகளைக் காத்தார். மீனாக்ஷியம்மன் கோயிலுக்கு முன்னிருந்து பறிபோன மானியங்கள் அவர் காலத்தில் மீண்டும் கிடைத்தன. மதம் மாறிய ஒருவர் தாம் விட்டுவந்த மதத்தின் ஆலயத்தைப் பேணியதை, இக்காலத்தில் மதத்தின் பெயரால் கலகம் மூட்டுவோர் கவனிப்பார்களாக. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இன்னும் இருக்கிறது. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாட்டைக் கிராமத்தார் பாடி வைத்தனர். குடிகள் வெறுத்த ஒருவனைப் பற்றி இவ்வளவு நினைவு நிற்பதில்லை.

ஆயினும் நல்ல நிர்வாகம் வேறு, நியாயமான அதிகாரம் வேறு. ஏரியை வெட்டுவிப்பவன் சேனாதிபதியாயிருந்தால் ஏரி நன்றாகத்தான் இருக்கும். அடுத்த சேனாதிபதி அதை உடைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? 1958-ல் பாகிஸ்தானத்தில் அயூப்கானும், 1962-ல் பர்மாவில் நீ வின்னும் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அரசியல்வாதிகளின் சச்சரவு தீர்ந்தது, தெருக்கள் சுத்தமாயின என்று மகிழ்ந்தவர்கள் அங்கும் இருந்தனர். பின்னர் அவ்விரு தேசத்தாரும் பட்ட பாடு தெரிந்ததே. நமது அரசியல் சட்டம் படைகளின் தலைமை அதிகாரத்தை இராஷ்டிரபதியிடம் ஒப்புவித்து, அதையும் சட்டப்படியே செலுத்த வேண்டுமென்று விதித்துள்ளது. அச்சட்டம் 1950 ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்தபோது சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தவர் இராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் 1952 தேர்தலில் தோற்றார். பதவியை விட்டு இறங்கினார். எந்தக் கோட்டையையும் எவரும் முற்றுகையிட வேண்டியிருக்கவில்லை. யூசுப்கானின் பீரங்கிகள் போன அதே வட்டாரத்தில்தான் இதுவும் நடந்தது என்பதை இடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கின்றோம்.

1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரர் பயம் நீங்கியதும் யூசுப்கானின் தேவையும் குறைந்தது. நவாபு முகம்மதலி அந்தச் சமயத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார். குத்தகையைப் புதுப்பிக்கும் காலத்தில் யூசுப்கான் ஆண்டுக்கு 7 லட்சம் தருவதாகச் சொன்னார். நவாபுக்குப் பணம் மட்டும் போதவில்லை. யூசுப்கான் தமது வேலைக்காரர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், பணமும் தம்மிடமே நேராக வர வேண்டும் என்றார். யூசுப்கானோ தாம் கும்பினியின் கம்மந்தானென்றும், கும்பினிக்கே கட்டுப்பட்டவரென்றும் நினைத்திருந்தார். சென்னைக் கவுன்ஸிலார் அவரைக் கைவிட்டு, அவர் நவாபின் ஆள் என்று தீர்ப்பளித்தனர். யாருக்காகப் பத்து வருஷம் உயிரைப் பணயம் வைத்தாரோ, அவர்களே ஒரு சொல்லில் அவரை இன்னொருவனுக்குக் கைமாற்றினர். நவாபிடம் கும்பினியாருக்கு வர வேண்டிய கடன் ஏராளம்; கடன்காரனின் மனம் கோணாமல் நடப்பது வர்த்தகருக்கு இலாபம்.

இதன் பின் யூசுப்கான் செய்தவை அனைத்தும் ஓர் அரசர் செய்யும் காரியங்கள். படை திரட்டினார், மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தினார், எவர் உத்தரவுமின்றித் திருவிதாங்கூரோடு போர் செய்து, பின் சமாதானமும் செய்துகொண்டார், மைசூர் ஹைதரலியோடு தொடர்பு தேடினார், மர்ஷாந்து என்பவரின் கீழ் பிரெஞ்சுச் சிப்பாய்களை வேலைக்கு அமர்த்தினார். 1763-ன் ஆரம்பத்தில் மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறிற்று. கொடியேற்றிய நேரந்தான் பொல்லாத நேரம். அவ்வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டன. எவன் கொடியின் நிழலில் ஒதுங்கினாரோ, அவன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் சத்துருவோடு கை குலுக்கிக்கொண்டிருந்தான். போர்க்களத்தில் ஒரு நாழிகைத் தாமதத்தையும் மன்னியாத யூசுப்கான், ஐரோப்பிய இராஜதந்திரத்தில் ஒரு குழந்தையைப் போல் ஏமாந்தார். அயல் விவகாரத்தைச் சேனாதிபதியே பார்த்துக்கொள்ளும் இடத்தில் இது நேராமற் போவதே அதிசயம். பீரங்கியின் எண்ணிக்கை அவனுக்குத் தெரியும். அதைக் கொடுப்பவனின் மனம் தெரியாது.

1763-ன் பிற்பகுதியில் கர்னல் மான்ஸன் மதுரையை முற்றுகையிட்டு, மழைக்காலம் வந்ததும் தோல்வியோடு நீங்கினார். மறு வருஷம் மேஜர் சார்லஸ் காம்பெல் வந்தார். ஜூன் 26-ந் தேதி நடந்த பெருந் தாக்குதலை யூசுப்கான் முறியடித்தார். மேஜர் பிரெஸ்டன் அங்கே பட்ட காயத்தால் மாண்டார். தாக்கிப் பிடிக்க முடியாதென்று கண்ட ஆங்கிலேயர் பட்டினி போட்டுப் பிடிக்கத் தீர்மானித்தனர். திருச்சிராப்பள்ளிக்குள் உணவைக் கொண்டுசென்று புகழ் பெற்றவர் மதுரைக்குள் உணவின்றி அடைபட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அவருக்கு ஒரு வண்டி நெல்லும் வர வழியில்லை. அவர் அடக்கிய பாளையக்காரர் அவருக்கு உதவி செய்ய எழுவார்களா? அவர்களுடைய நேசத்தை அவர் ஒருபோதும் தேடவில்லையே. இதுவே அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய பிழை என்று நாம் கருதுகின்றோம். 1761-ல் பூலித்தேவரை அழிக்காமல் இணக்கம் செய்திருந்தால், 1764-ல் மதுரையைச் சூழ வந்தவர் மேற்குப் பாளையங்களின் மறவர் அனைவரையும் எதிர்க்க நேர்ந்திருக்கும். ஆனால் கும்பினியின் கம்மந்தானுக்குப் பூலித்தேவர் கப்பம் கட்டாத கலகக்காரர். வேறு விதமாகப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை.

பசியால் கோட்டைக்குள் மனக்கசப்பு வளர்ந்தது. மர்ஷாந்தை யூசுப்கான் சாட்டையால் அடித்தார் என்பர். அக்டோபர் 13-ந் தேதி அவர் தொழுகையில் இருந்தபோது திவான் சீனிவாசராவும், வைத்தியர் பாபா சாகிபும், மர்ஷாந்தும் கூடி அவரைப் பிடித்துத் தலைப்பாகையாலேயே கட்டினர். மறுநாள் ஆங்கிலேயரிடம் ஒப்புவித்தனர். காம்பெல் அவரை நவாபிடம் கொடுத்தார். 15-ந் தேதி மாலை, நவாபின் கூடாரத்தின் அருகே, சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டனர். இரண்டு முறை கயிறு அறுந்து மூன்றாம் முறையே உயிர் நீங்கிற்றென்று நாட்டார் சொல்வர். தலை திருச்சிராப்பள்ளிக்கும், மற்ற அங்கங்கள் பாளையங்கோட்டை முதலிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டன. உடல் சம்மட்டிபுரத்தில் புதைக்கப்பட்டது.

எந்தக் கோர்ட் அவரை விசாரித்தது? எந்தச் சட்டத்தின்படி தண்டித்தது? கும்பினியின் சேவகரென்றால் ஹெரானுக்குக் கிடைத்த இராணுவ விசாரணை அவருக்கும் உரியது. சென்னையில் 1726-ம் வருஷத்துச் சாஸனப்படி ஏற்பட்ட மேயர் கோர்ட்டும் இருந்தது. நவாபின் சேவகரென்றால் கும்பினிப் படை ஏன் இரண்டு வருஷம் மதுரையின் முன் நின்றது? போர் செய்வதற்கு அவர் கும்பினியின் சத்துரு, தூக்கிலிடுவதற்கு நவாபின் வேலைக்காரர் என்பதே அவர்கள் நியாயம். கையில் இரத்தக் கறை படாமல் கொலை செய்ய வர்த்தகர் கண்டுபிடித்த வழி இது. பின்னாளில் இந்திய மன்னர் பலருக்கும் இதே வழி கையாளப்பட்டது.

ஆகவே, அவரைச் சுதந்திர வீரரென்று மேடையில் முழங்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது: அவர் எழுந்தது தேசத்துக்காக அல்ல, தம்மை இரண்டாம் முறை விற்க ஒப்பாமல் எழுந்தார். கூலியாளென்று இகழும் நண்பர்களுக்கு நாம் சொல்வது: கும்பினியின் முழுப் பலத்தை இரண்டு வருஷம் தனியாக எதிர்த்துத் தாங்கிய இந்தியர் அக்காலத்தில் வேறு யார் இருந்தனர்? பூலித்தேவருக்குச் சிலை எடுப்போர் கான்சாகிபின் கல்லறைக்குப் பூ வைக்கக் கூடாதென்று நாம் கூறமாட்டோம். இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி இருவரும் ஒரே காரியத்துக்காக மாண்டதாகக் காட்டுவது மட்டும் பொய். ஒருவர் தம் பாளையத்தைக் காத்தார். மற்றவர் அதை இடித்தார்.

யூசுப்கான் மறைந்ததும் தென்சீமை நவாபின் கைக்கு வந்ததென்று முகம்மதலி மகிழ்ந்தார். படை கும்பினியின் படை. அதன் செலவு நவாபின் தலையில். அச்செலவுக்காக வாங்கிய கடன் வளர்ந்து, 1785-ல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் பர்க் எழுந்து பேசும்படியாயிற்று. 1781-லேயே வரி வசூல் கும்பினியார் கைக்கு மாறத் தொடங்கிற்று. முகம்மதலி 1795-ல் இறந்தார். 1801-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி எழுதிய உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கும்பினியின் சொத்தாயிற்று. நவாபின் சந்ததிக்கு மிஞ்சியது பட்டமும் வருஷாசனமுமே. அதற்கு ஏழு வருஷங்களுக்குப் பின், 1808-ல், சம்மட்டிபுரத்தில் கான்சாகிபின் உடல் கிடந்த இடத்தில் ஒரு சிறு பள்ளிவாசல் எழுந்தது.